மடக்குக் கத்தியின் வடிவ மாற்றம்: பல்லாவரம் முதல் ராம்பூர் வரை

கருவிகளின் வரலாற்றை மனிதரின் வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. அரசர்களின் போர்களையும் உடன்படிக்கைகளையும் விரிவாகப் பதிவு செய்துள்ள நம் வரலாற்று நூல்கள், அக்காலத்து மக்கள் தம் மடியிலும் இடுப்பிலும் செருகி வைத்திருந்த சிறு கருவிகளைப் பற்றி அதிகம் பேசியதில்லை. எனினும் ஒரு சமூகத்தின் தொழிலும் கல்வியும் அச்சமும் அழகுணர்ச்சியும் அத்தகைய சிறு கருவியொன்றில் பதிந்து கிடப்பதை நாம் காணலாம். மடக்குக் கத்தி அவ்வகைக் கருவிகளுள் ஒன்றாகும்.

2023 மார்ச் மாதம் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் நகரில், சுமார் 20 அடி நீளமுள்ள ஒரு மடக்குக் கத்தி நாற்சந்தியில் நினைவுச் சின்னமாக நிறுவப்பட்டது. 'ராம்பூரி சாக்கு' என்று இந்தியா முழுவதும் அறியப்பட்ட கத்தியின் பேருருவம் அது. நினைவுச் சின்னம் பொதுவாக மறைந்தோருக்கு எழுப்பப்படுவது. ராம்பூரிக் கத்தியோ இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. தலைமுறை தலைமுறையாக அதைச் செய்துவந்த முஸ்லிம் கைவினைக் குடும்பங்களுள் மிகச் சிலவே எஞ்சியிருந்தாலும், அவர்களின் பட்டறைகளில் அரத்தின் ஓசை இன்னும் ஓயவில்லை. அவ்வாறாயின், இக்கத்தியைப் பழைய வடிவிலேயே காப்பதா, காலத்திற்கேற்ப அதன் வடிவத்தை மாற்றுவதா என்ற வினா எழுகிறது. இவ்வினா ராம்பூருக்கு மட்டும் உரியதன்று. கைத்தொழில்களால் வாழ்ந்த முஸ்லிம் சமூகங்கள் அனைத்துக்கும் உரியது. இதற்கு விடை காண நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. சென்னையின் தென்புறத்திலிருந்தே தொடங்கலாம்.

பல்லாவரத்துக் கல்

இன்று தாம்பரம் மாநகராட்சியின் எல்லைக்குள் அடங்கும் பல்லாவரத்தில், 1863 மே 30 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், சரளைக் குழி ஒன்றில் மனிதக் கையால் செதுக்கப்பட்ட ஒரு கல்லைக் கண்டெடுத்தார். இந்தியத் துணைக்கண்டத்தின் பழைய கற்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்தே தொடங்குகிறது. அதே ஆண்டு செப்டம்பரில், சென்னைக்கு வடமேற்கே கொற்றலை ஆற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் அவரும் வில்லியம் கிங்கும் மேலும் பல கருவிகளைக் கண்டனர். ஃபூட் தம் வாழ்நாளில் திரட்டிய தொகுப்பைச் சென்னை அரசு 1904 இல் விலைக்கு வாங்கியது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் பெருமைகளுள் அது ஒன்றாக விளங்குகிறது.

'கைக்கோடரி' என்று தொல்லியலார் அழைக்கும் இக்கருவி உள்ளங்கைக்குள் அடங்குவது. ஒரு முனை கூர்மையாகவும் மறுமுனை பிடிப்பதற்கு வாகாகவும் அமைந்தது. வெட்டவும் கிழிக்கவும் தோண்டவும் பயன்பட்டது. மனிதன் உடன் எடுத்துச் சென்ற முதல் கத்தி இதுவே எனலாம். இங்கு நாம் கருத்தூன்ற வேண்டியது அதன் நீண்ட ஆயுளாகும். அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு தலைமையிலான குழுவினர் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2011 இல் வெளிவந்தபோது, அங்குள்ள கைக்கோடரிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று கணிக்கப்பட்டது. இத்தகைய கைக்கோடரி மரபு சிற்சில வேறுபாடுகளுடன் பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்து நின்றது. மனிதர் வேறெந்தக் கருவியின் வடிவத்தையும் இத்துணைக் காலம் பேணியதில்லை.

எனினும் அதுவும் மாறியது. அக்குழுவினர் 2018 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் அத்திரம்பாக்கத்து மக்கள் பெரிய கைக்கோடரிகளைப் படிப்படியாகக் கைவிட்டனர். ஒரு கல்லை முன்கூட்டியே பதப்படுத்தி, அதிலிருந்து வேண்டிய அளவில் மெல்லிய சில்லுகளைப் பெயர்த்தெடுக்கும் நுட்பத்துக்கு அவர்கள் மாறினர். கருவி சிறுத்தது, திறனோ பெருகியது. பயன்பாடு ஒரே வகையாக இருந்தவரை வடிவம் நிலைத்தது. அதைவிடச் சிறந்த வழி கையில் வசப்பட்டபோது பழைய வடிவம் விடைபெற்றது. கருவிகளின் வரலாறு நமக்குத் தரும் முதற்பாடம் இதுவாகும்.

எழுத்தாணியும் நாணற் பேனாவும்

மடக்குக் கத்தி என்றதும் சண்டையையும் குற்றத்தையும் நினைப்பது அண்மைக் காலப் பழக்கம். அதன் பழைய உறவு கல்வியுடனேயே இருந்தது. தமிழ்நாட்டில் பனையோலையில் எழுதியவர்கள் பயன்படுத்திய எழுத்தாணிகளுள் மடக்கெழுத்தாணி என்பது ஒன்று. மரத்தாலோ தந்தத்தாலோ ஆன அதன் பிடியின் ஒரு புறம் எழுத்தாணியும் மறுபுறம் ஓலையை வாருவதற்கான சிறு கத்தியும் அமைந்திருக்கும். இரண்டையும் மடக்கிப் பிடிக்குள் அடக்கிக்கொள்ளலாம். உ.வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் இதன் அமைப்பை விளக்கியுள்ளார். ஆக, தமிழருக்கெனச் சொந்தமான மடக்குக் கத்தி ஒன்று இருந்தது. அது புலவனின் கையில் இருந்தது. தாளும் அச்சும் பரவியபோது ஓலை மறைந்தது, ஓலையுடன் மடக்கெழுத்தாணியும் மறைந்தது. அதன் வடிவில் குறையேதும் இருந்ததாகக் கூற முடியாது. செய்வதற்கு வேலை இல்லாமற் போனமையே அதன் முடிவுக்குக் காரணம்.

முஸ்லிம் உலகிலும் கத்தி எழுத்தின் தோழனாகவே வளர்ந்தது. அல்-குர்ஆனின் 68 ஆவது அத்தியாயம் எழுதுகோலின் பெயராலேயே 'அல்-கலம்' என்று வழங்கப்படுகிறது. நாணற் பேனாவின் நுனியை வெட்டும் முறையே எழுத்தின் அழகைத் தீர்மானித்தது. ஆகவே பேனாவைச் சீவும் கத்தி, எழுத்துக் கலைஞனின் முதன்மைக் கருவியாயிற்று. பத்தாம் நூற்றாண்டின் இப்னு முக்லாவும் அவரைத் தொடர்ந்து வந்த இப்னுல் பவ்வாபும் (மறைவு 1022) எழுத்துக் கலைக்கு இலக்கணம் வகுத்தவர்கள். பேனா வெட்டும் நுட்பத்தைத் தம் இரகசியமாகவே இப்னுல் பவ்வாப் பேணினார் என்பது அக்கலைஞர் மரபில் நன்கறியப்பட்ட செய்தி. எகிப்தின் அரசுச் செயலகத்தில் பணியாற்றிய அல்-கல்கஷந்தீ (மறைவு 1418) தம் பெருநூலான 'ஸுப்ஹுல் அஃஷா'வில், செயலரிடம் இருக்க வேண்டிய கருவிகளைப் பட்டியலிடும்போது கத்தியையும் தவறாமல் குறிப்பிடுகிறார். உஸ்மானியத் துருக்கியில் 'கலம்தராஷ்' என்னும் இச்சிறு கத்தியைச் செய்த கொல்லர்கள், தம் பெயரை அலகில் பொறித்துத் தந்தார்கள். எழுத்துக் கலைஞனுக்குக் கிடைத்த மதிப்பில் கத்தி செய்தவனுக்கும் ஒரு பங்கு இருந்தது.

ஐரோப்பாவில் இறகுப் பேனாவைச் சீவப் பயன்பட்ட மடக்குக் கத்திக்கும் பேனாவின் பெயரே வாய்த்தது. நாம் இன்றும் 'பேனாக்கத்தி' என்றே சொல்கிறோம். ஆனால் அக்கத்தியால் பேனாவைச் சீவியவர் நம்முள் எவரும் இல்லை. பேனா உலோக முள்ளைப் பெற்றதும் பேனாக்கத்தி மடக்கெழுத்தாணியைப் போல மறைந்துவிடவில்லை. பென்சில் சீவுவது, பழம் நறுக்குவது, கயிறு அறுப்பது, கடித உறையைப் பிரிப்பது என்று புதிய வேலைகளை அது தேடிக்கொண்டது. பெயர் பழையதாகவே நிற்க, பணி புதியதாயிற்று. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இவ்விரு கருவிகளின் வேறுபட்ட முடிவுகள் நமக்கு இரண்டாவது பாடத்தைத் தருகின்றன. வேலை மறைந்த கருவி, வேறொரு வேலையைத் தேடிக்கொண்டால் மட்டுமே வாழும்.

உருக்கின் வழி

கத்தியின் வடிவத்தைப் பற்றிப் பேசும்போது அதன் உலோகத்தை மறந்துவிடலாகாது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசைகளில் உருக்கி எடுக்கப்பட்ட எஃகு, பழங்காலத்திலிருந்தே மேற்கு நோக்கிப் பயணம் செய்தது. கலீஃபா அல்-முஃதஸிம் (ஆட்சி 833-842) காலத்தில் தத்துவ அறிஞர் அல்-கிந்தி எழுதிய வாள்களைப் பற்றிய நூல், இந்திய வாள்களையும் செரந்தீப் எனப்பட்ட இலங்கையின் எஃகையும் தனித்து ஆராய்கிறது. வாளின் தரத்தை அதன் அலங்காரத்தால் அல்லாது உலோகத்தின் தன்மையால் வகைப்படுத்தியமை அந்நூலின் சிறப்பாகும்.

18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வெஃகு 'வூட்ஸ்' என்ற பெயரில் இலண்டனை அடைந்தது. அப்பெயர் கன்னடத்தின் 'உக்கு', தமிழின் 'உருக்கு' ஆகிய சொற்களோடு தொடர்புடையது என்பது அறிஞர் பலரின் கருத்து. 1795 இல் ஜார்ஜ் பியர்சன் அதனை ஆராய்ந்து அரசக் கழகத்தின் இதழில் கட்டுரை வெளியிட்டார். ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்னும் இலண்டன் கத்தி வினைஞர், அதிலிருந்து பேனாக்கத்திகளையும் அறுவைக் கருவிகளையும் செய்து, ஐரோப்பிய எஃகைவிட இதுவே மேலானது என்று விளம்பரம் செய்தார். பின்னாளில் மின்னியலில் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடேயும் அவருடன் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்தார். நம் நாட்டு உருக்கு அங்கே பேனாக்கத்தியாக மாறி அறிவியலின் வரலாற்றில் இடம்பெற்றது. இங்கோ அதனை உருக்கிய உலைகள் 19 ஆம் நூற்றாண்டில் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. மலிவான இறக்குமதி எஃகும் மாறிய சந்தையும் அக்கைவினைஞரின் இடத்தைப் பறித்துக்கொண்டன. ஆய்வும் அமைப்பும் துணை நிற்காத திறமை எவ்வளவு உயர்ந்ததாயினும் நிலைப்பதில்லை என்பதற்கு இது சான்று.

ராம்பூரின் கத்தி

1774 இல் நவாப் ஃபைஸுல்லாஹ் கான் ஆட்சியில் உருவான ராம்பூர், 1949 இல் இந்திய ஒன்றியத்துடன் இணையும்வரை ரோஹில்லா நவாபுகளின் அரசாக விளங்கியது. அறிஞருலகம் அந்நகரை ரஸா நூலகத்தின் வழியாக அறியும். அரபு, பாரசீகக் கையெழுத்துப் படிகளின் அரிய கருவூலமான அந்நூலகம், 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மத்திய அரசின் பொறுப்பில் வந்தது. பொதுமக்களோ அந்நகரை அதன் கத்தியால் அறிவர். நாணற் பேனாவின் நுண்மையான எழுத்துகளைப் போற்றிக் காத்த ஊரே, கத்தியின் பெயரால் அஞ்சப்படும் ஊராகவும் ஆனது வரலாற்றின் விந்தை.

'சாக்கு' என்பது பாரசீகத்தின் வழியாக இந்துஸ்தானி மொழிக்கு வந்த சொல். ராம்பூரிக் கத்தியின் அலகு வழக்கமாக 9 முதல் 12 அங்குலம் வரை நீண்டு, நுனியில் ஒடுங்கியிருக்கும். பிடி பித்தளையாலோ எருமைக் கொம்பாலோ எலும்பாலோ ஆனது. பெரும்பாலும் வேலைப்பாடு நிறைந்தது. விரித்த அலகை ஒரு வில் பிணித்து நிறுத்தும். பொத்தானையோ நெம்பியையோ அழுத்தினால்தான் அது மீண்டும் மடங்கும். சில வகைகளில் அலகின் அடியில் பற்கள் வெட்டப்பட்டிருப்பதால் விரிக்கும்போது படிப்படியாக ஓசை எழும். அலகு, வில், பிடி, தறையாணி ஆகிய நான்கும் மயிரிழை பிசகாமல் பொருந்தினால்தான் கத்தி சரியாக இயங்கும். இது எளிய வேலையன்று. அரத்தாலும் கண்ணளவாலும் இதனைச் சாதித்த கைகள் பொறியியலறிவு பொருந்தியவை என்பதில் ஐயமில்லை.

அந்த நீளமும் அந்த ஓசையும் எதற்காக அமைந்தன? பழம் நறுக்க 12 அங்குல அலகு தேவையில்லை. கயிறு அறுப்பவனுக்கு ஓசையால் பயன் ஒன்றுமில்லை. பிறரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்ட வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். இந்தித் திரைப்படங்கள் இதனை நன்கு பயன்படுத்திக்கொண்டன. 'வக்த்' (1965) படத்தில் ராஜ் குமார் நடித்த கத்திக் காட்சி இன்றுவரை நினைவுகூரப்படுகிறது. திரையில் கிடைத்த புகழ் விற்பனையைக் கூட்டியிருக்கக்கூடும். ஆயினும் ஒரு கைவினையின் பெயரை வன்முறையின் மறுபெயராக்கியதும் அதுவே. அரத்தைப் பிடித்த கைவினைஞனுக்கும் கத்தியை உயர்த்திய திரைப்படத் தீயவனுக்கும் வேறுபாடு அறியாத பொதுமனம் உருவாயிற்று.

சட்டமும் சமூகமும்

ஒரு கத்தி ஒரு சமூகத்தின் பெயரோடு பிணைக்கப்படும்போது என்ன நேரும் என்பதை அன்றைய சென்னை மாகாணமே ஏற்கனவே கண்டிருக்கிறது. அம்மாகாணத்தைச் சேர்ந்த மலபாரில் மாப்பிள்ளைமாரின் போர்க்கத்தியைத் தடை செய்யும் சட்டத்தை ஆங்கிலேயர் 1854 இல் இயற்றினர். மாவட்ட ஆட்சியர் கனோலி அதன்படி 7,500க்கும் மேற்பட்ட கத்திகளைத் திரட்டினார். 1855 செப்டம்பரில் அவரே கொலையுண்டார். நிலவுரிமை, குத்தகை போன்ற ஆழ்ந்த குறைகள் தீராதிருந்த நிலையில், கத்திகளைப் பறித்ததனால் அமைதி பிறக்கவில்லை. குறைகளை விட்டுவிட்டுக் கருவியை மட்டும் ஆராய்ந்த ஆட்சியாளரின் பிழை அது.

சுதந்திர இந்தியாவின் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் எந்தச் சமூகத்தையும் குறித்துப் பேசவில்லை. அளவையும் நோக்கத்தையும் குறித்தே பேசுகிறது. அதன் கீழ் 1962 இல் வகுக்கப்பட்ட விதிகள், 9 அங்குலத்தைவிட நீண்ட அல்லது 2 அங்குலத்தைவிட அகன்ற அலகுகளை ஆயுதமாகக் கருதின. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் என அமைந்தவற்றுக்கு விலக்களித்தன. 1980 அக்டோபரில் டெல்லி நிர்வாகம் வெளியிட்ட அறிவிக்கை இன்னும் நுட்பமானது. வில்லாலோ பற்சக்கரத்தாலோ பொத்தானாலோ இயங்குவதும், 7.62 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமும் 1.72 செ.மீ. அல்லது அதற்கு மேல் அகலமும் கொண்டதுமான கத்தியை உரிமமின்றி வைத்திருப்பதை அது கட்டுப்படுத்தியது. 1990களில் உத்தரப் பிரதேச அரசு, நான்கரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுடைய ராம்பூரிக் கத்திகளுக்குத் தடை விதித்தது. மலிவான இறக்குமதிக் கத்திகளும் சந்தையை நிரப்பின. ராம்பூரின் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கைவினைஞர் பலர் வேறு தொழில்களுக்குச் சென்றனர்.

இவ்விடத்தில் நாம் நேர்மையாக ஒன்றைக் கூற வேண்டும். சட்டம் தொழிலை நசுக்கியது என்ற முறையீட்டில் உண்மை உண்டு. எனினும் தெருச் சண்டைகளில் உயிரிழந்தோரின் குடும்பத்தார் நோக்கில், அச்சட்டம் காலங்கடந்து வந்த ஒன்றாகவும் தோன்றலாம். இரு தரப்பின் நியாயத்தையும் ஒருசேரக் காண்பவனே வடிவ மாற்றத்தைப் பற்றிப் பொறுப்புடன் பேச முடியும்.

அல்பஸேத்தேயின் படிப்பினை

இதே சோதனையை எதிர்கொண்ட மற்றொரு நகரம் ஸ்பெயினில் உள்ளது. அல்பஸேத்தே என்னும் அந்நகரின் பெயர், சமவெளி எனப் பொருள்படும் 'அல்-பஸீத்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. 'நவாஹா' எனப்படும் ஸ்பானிய மடக்குக் கத்தியின் தலைமையிடம் அதுவே. நவாஹாவும் நீண்ட அலகுடையது. அதிலும் விரிக்கும்போது ஓசை எழுப்பும் பற்கள் உண்டு. அதுவும் சண்டைக்காரர்களின் அடையாளமாகக் கதைகளிலும் ஓவியங்களிலும் இடம்பெற்றது. ராம்பூரியும் நவாஹாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளோ என ஐயுறும் அளவுக்கு ஒற்றுமை மிகுதி.

அங்கும் தடைச் சட்டங்கள் மீண்டும் மீண்டும் வந்தன. 1993 ஆம் ஆண்டின் ஸ்பானிய ஆயுத விதிகள் தானியங்கிக் கத்திகளை அடியோடு தடுத்து, ஏனைய மடக்குக் கத்திகளுக்கு 11 செ.மீ. என்ற வரம்பை விதித்தன. இது உத்தரப் பிரதேசத்தின் நான்கரை அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒப்பான அளவாகும். சட்டம் ஒன்றுபோல் இருந்தும் விளைவு வேறாயிற்று. அல்பஸேத்தே வேட்டைக் கத்தி, சமையற் கத்தி, கத்தரிக்கோல், சிறு மடக்குக் கத்தி எனப் பல பொருள்களைச் செய்யும் ஊராகத் தன்னை விரித்துக்கொண்டது. தொழில் முனைவோர் சங்கமும் பயிற்சிக் கூடமும் அமைந்தன. 2004 இல் கத்திக் கலைக்கென ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. நீண்ட பழைய நவாஹா அங்கே பேழைக்குள் காட்சியளிக்கிறது. குறுகிய புதிய நவாஹா சட்டைப்பைக்குள் பயணிக்கிறது. ராம்பூரிலோ ஒரே பொருளை நம்பிய தொழில், அப்பொருள் தடுக்கப்பட்டதும் தளர்ந்தது.

மலைநாடுகள் இரண்டின் அனுபவமும் இத்துடன் ஒத்துப்போகிறது. பிரான்ஸின் சவோய் பகுதியில் 1890 இல் ஜோசப் ஒப்பினெல் வடிவமைத்த மரப்பிடிக் கத்தியின் தோற்றம் இன்றுவரை பெரிதும் மாறவில்லை. 1955 இல் சேர்க்கப்பட்ட பூட்டு வளையம் ஒன்றே குறிப்பிடத்தக்க மாற்றம். விரித்த அலகு விரல் மேல் மடங்காமல் காப்பது அதன் வேலை. சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்செனர் 1897 இல் பதிவு செய்த பல்கருவிக் கத்தி, 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப்பின் விமான நிலையக் கட்டுப்பாடுகளால் விற்பனையில் பெரும் சரிவைக் கண்டது. நம் மீனம்பாக்கத்திலும் பயணியின் கைப்பையில் சிறு பேனாக்கத்திக்கும் இடமில்லை என்பதை வாசகர் அறிவர். அந்நிறுவனம் வேறு பொருள்களின் துணையால் நிமிர்ந்தது; 2024 இல், அலகே இல்லாத பல்கருவி ஒன்றை உருவாக்கி வருவதாகவும் அறிவித்தது. பயனுக்குத் தேவையான சிறு மாற்றத்தை முதலாமது செய்தது. காலத்தின் அச்சத்துக்குப் பதிலளிக்கும் பெருமாற்றத்தை இரண்டாமது நாடுகிறது.

எதனை மாற்றுவது, எதனைக் காப்பது?

அல்-குர்ஆனின் 57 ஆவது அத்தியாயம் இரும்பின் பெயரால் அமைந்தது. அதன் 25 ஆவது வசனம் இரும்பைக் குறிப்பிடுகையில், அதில் கடும் வலிமையும் இருக்கிறது, மக்களுக்குப் பயன்களும் இருக்கின்றன என்ற கருத்தை இணைத்தே கூறுகிறது. நீதி நிலைபெறுவதைப் பற்றிப் பேசிய பின்னரே இரும்பைப் பற்றிப் பேசுகிறது. ராம்பூரிக் கத்தியின் நீளமும் ஓசையும் முதற்கூறான வலிமையை மட்டுமே பெரிதாக்கின. இரண்டாவது கூறான பயன் பின்னுக்குத் தள்ளப்பட்டது. ஆகவே நாம் வேண்டும் மாற்றம் புதுமை மோகத்தால் எழுவதன்று. இரும்பின் இரு கூறுகளுக்கும் இடையே இழந்த சமநிலையை மீட்பதே அதன் நோக்கம்.

நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டுதலிலும் இதற்குத் தெளிவான அடிப்படைகள் உண்டு. அம்புகளுடன் பள்ளிவாசலையோ கடைத்தெருவையோ கடந்து செல்பவர், பிறர் மீது படாதவாறு அவற்றின் முனைகளைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்ற கட்டளையை அபூ மூஸா அல்-அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். உருவிய வாளைக் கைமாற்றுவதையும், இரும்பு ஆயுதத்தால் சகோதரனை நோக்கிச் சுட்டுவதையும் அவர்கள் தடுத்துள்ளார்கள். கூட்டத்தின் நடுவே கூர்முனை மறைந்திருக்க வேண்டும் என்பதே இவற்றின் சாரம். அலகைப் பிடிக்குள் அடக்கும் மடக்குக் கத்தி இவ்வொழுக்கத்துக்கு மிக நெருங்கிய கருவியாகும். மறுபுறம், அறுப்பதற்குமுன் கத்தியைத் தீட்டிப் பிராணியின் துன்பத்தைக் குறைக்க வேண்டும் என்ற ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு, கருவியின் கூர்மையும் தரமும் அறத்தின் பகுதி என்பதை உணர்த்துகிறது. மழுங்கிய கத்தியை இஸ்லாம் சிறப்பிக்கவில்லை. கூர்மை தேவை; அச்சுறுத்தல் தேவையில்லை.

நீளத்தையும் ஓசையையும் நீக்கினால் ராம்பூரியில் எஞ்சுவது என்ன என்று மரபை நேசிப்போர் கேட்கலாம். அவ்வாதம் ஒதுக்கத்தக்கதன்று. ஒரு கைவினையின் தனித்தன்மை அழிந்தபின் அதன் பெயரை மட்டும் தாங்கி நிற்கும் பண்டம் வெறும் வணிகச் சரக்காகிவிடும். ஆயினும் ராம்பூரியின் தனித்தன்மை நீளத்தில் இருக்கிறதா என்பதே நம் வினா. நீண்ட அலகை எவரும் வெட்டியெடுக்கலாம். பித்தளைப் பிடியின் வேலைப்பாடும், அலகும் வில்லும் இடைவெளியின்றிப் பொருந்தும் நேர்த்தியும், கொம்பை மெருகேற்றும் கைப்பக்குவமும்தான் பிறரால் எளிதில் பின்பற்ற முடியாதவை. இவை மூன்றும் மூன்று அங்குலக் கத்தியிலும் முழுமையாக வெளிப்படும். சிறிய பொருளில் பிழையை மறைக்க இடமில்லாததால், கைத்திறன் அங்கே இன்னும் தெளிவாகத் தெரியும்.

எனவே அலகு 7.62 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். பொத்தானும் பற்களும் நீங்கி, கையால் விரித்துக் கையால் மடக்கும் எளிய வில்லமைப்பு வேண்டும். விரலைக் காக்கும் பூட்டு தேவையெனில் அது ஓசையற்றதாக அமையட்டும். துருப்பிடிக்காத நல்ல எஃகைப் பயன்படுத்துவது அடுத்த தேவை. உஸ்மானியக் கலம்தராஷில் இருந்ததைப் போலச் செய்தவரின் பெயர் அலகில் பொறிக்கப்பட வேண்டும். கத்தியோடு நிற்காமல் சமையலறை, தோட்டம், தோல் வேலை ஆகியவற்றுக்கான கருவிகளும் அப்பட்டறைகளில் பிறக்க வேண்டும். பழைய நீண்ட வடிவம் அருங்காட்சியகத்தில் உரிய மதிப்புடன் பேணப்படட்டும்.

இதில் நமக்கும் பங்குண்டு. தாம்பரத்தைச் சூழ்ந்த இப்பகுதி, கருவியும் கைத்தொழிலும் கல்வியும் ஒன்றுகூடும் நிலம். பல்லாவரமும் குரோம்பேட்டையும் தோல் பதனிடும் தொழிலால் அறியப்பட்டவை. குரோம்பேட்டையின் பெயரே அங்கிருந்த குரோம் தோல் நிறுவனத்திலிருந்து வந்தது. 1949 இல் அங்கே நிறுவப்பட்ட சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில்தான் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் பயின்றார். வண்டலூரில் 1984 இல் பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்களால் தொடங்கப்பட்ட கிரசென்ட் பொறியியற் கல்லூரி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது. இத்தகைய நிறுவனங்களின் மாணவர்கள் ஒரு பருவத்தையேனும் ராம்பூரின் பட்டறைகளில் கழித்து, அங்குள்ள முதிய கைவினைஞரிடம் கற்று, உலோகவியலையும் வடிவமைப்பையும் அவர்களுக்குப் பதிலுதவியாக வழங்கினால், அது எந்தச் சிலையையும்விடச் சிறந்த நினைவுச் சின்னமாக அமையும். மூசை உருக்கின் கலை நம் கண்ணெதிரே அணைந்தபோது அதன் அருகில் அமர்ந்து கற்க நம்மவர் எவரும் இல்லை. ராம்பூரின் அரத்தொலி கேட்கும் காலம் இன்னும் முடிந்துவிடவில்லை; அதனைக் கேட்கச் செல்வோர் யார் என்பதே நம் சமூகத்தின் முன்னுள்ள வினா.